மல்பெரிக் குச்சித் தகட்டைப் பார்க்க ஊரிகம் போன கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணத்துக்குக் காரணம் பொறாமை. முந்தைய பதிவுகளில் "வெகுநாள் ஆசை", "திடீரென்று கிளம்பினேன்" என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். இந்த முறை அந்த மாதிரி பூச்சு வேலை எதுவும் கிடையாது. என்னோடு ஒரே ஆய்வகத்தில், ஒரே மேசையில் வேலை பார்த்த சுமதி, இரும்புக் குண்டு விழுந்தாலும் உடையாத தகட்டைச் செடி நாரில் செய்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதே வேலையில் ஆறு வருடம் முட்டி மோதி, தபால் தலை அளவுக்கு மேல் ஒரு துண்டுகூடச் செய்யாமல் டாக்டர் பட்டம் வாங்கியவள் நான். இப்போது வேலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் அதையே பாடமாக நடத்துகிறேன். அவளோ ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அவள் ஊர் ஊரிகம், கோலார் பக்கம் மூடிப்போன தங்கச் சுரங்க ஊர். போன ஞாயிற்றுக்கிழமை போனேன். காலை 6.45க்குக் காட்பாடியில் ரயில். இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 95 ரூபாய். பங்காரப்பேட்டை சுமார் 160 கிலோமீட்டர், 9.20க்கு இறக்கிவிட்டார்கள். ஜோலார்பேட்டை தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. வேலூர் வெயிலில் வெந்தவர்களுக்கு அதுவே பாதி டிக்கெட் காசுக்குப் பெறும்.

பங்காரப்பேட்டையில் இட்லி, வடை, காபி 70 ரூபாய். அங்கிருந்து மாரிகுப்பம் போகும் கிளை வண்டி 10.05க்கு. ஊரிகத்துக்குப் பத்து ரூபாய் டிக்கெட், அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஞாயிறு என்பதால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வார நாளில் விடிவதற்கு முன்பே இந்தத் தடத்தில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் ஏறும், நிற்கவும் இடம் இருக்காது. சுமதி ஏழு வருடம் அப்படிப் போய் வந்தவள். பெங்களூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு அதை விட்டுவிட்டு இந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஊரிகம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்த உடனே, "மைன்ஸ் பாக்க வந்தீங்களா? உள்ள வுடமாட்டாங்க. வெளிய நின்னு ஷாப்ட் போட்டோ எடுத்துக்கினு போகலாம், முந்நூறு குடுங்க, சுத்திக் காட்டிடறேன்" என்றார். சிநேகிதி வீட்டுக்கு என்றதும் அவர் முகத்தில் சுவாரஸ்யம் போய்விட்டது. எண்பது ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். இரண்டே கிலோமீட்டர்தான், கொஞ்சம் அதிகம். சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளின் வரிசை, தேவாலயம், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சாம்பல் நிற சயனைடு மண்மேடு எல்லாம் தாண்டிப் போனோம். காற்று அடிக்கிற மாதங்களில் போகிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்த மண் கண்ணில் விழுந்தால் அன்றைக்கு முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சுமதி வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னாடி, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டு என் பையைப் பிடுங்கிக்கொண்டாள். பத்து வருடத்துக்கு முன்பு பார்த்த அதே முகம், ஒரு கிலோ கூடவில்லை. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன். வீட்டில் அவளும் அவள் அப்பாவும்தான். அப்பா இங்கே இருக்கிற கனரக இயந்திரத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் இன்னும் கடிகாரம் ஷிப்ட் கணக்கில்தான் ஓடுகிறது. காலை ஆறிலிருந்து இரண்டு வரை பின்பக்கத்து ஷெட்டில் சுமதி, அவளுக்கு அப்புறம் பத்து மணி வரை அவர். மகள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அவர் உள்ளே நுழைகிறார்.

முதலில் ஷெட்டுக்குள் கூட்டிப் போனாள். கோலார் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் புழு இலையைத் தின்றதும் மல்பெரிக் குச்சியைக் குப்பையில் போடுவார்கள். அதை வண்டி வண்டியாக வாங்கி அடுக்கியிருந்தாள். குச்சியை வேகவைக்க ஒரு பெரிய குண்டான். அமில வேலைக்கு மட்டும் பக்கத்தில் முலாம் பூசுகிற ஒரு பட்டறையில் இடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். பழைய பால் கேன்கள், துணி வடிகட்டி, அப்பா கடைந்து கொடுத்த சூட்டு அழுத்தி. எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடி அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்த கருவிகள் செய்த வேலையை இங்கே இதெல்லாம் செய்துகொண்டிருந்தன. 

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிற வாசகர்களுக்காகக் கொஞ்சம் பாடம். எந்தச் செடியின் நாரையும் சுத்தம் செய்து அமிலத்தில் சரியாகப் பக்குவப்படுத்தினால் கடைசியில் நானோ அளவுக் குச்சிகள் மிஞ்சும். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் அடுக்கலாம், அவ்வளவு சின்னது. அவற்றைத் தண்ணீரில் கலந்து தட்டில் ஊற்றி மெதுவாகக் காயவிட்டால் தாமாகவே அடுக்கடுக்காகப் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அடுக்கும் கீழே இருப்பதைவிடக் கொஞ்சம் திரும்பிப் படுக்கும், சுழல் மாடிப்படி மாதிரி. வண்டின் முதுகு ஓடு இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. விரிசல் ஒன்று உள்ளே புகுந்தால் நேராகப் போக வழியில்லை. அடுக்குக்கு அடுக்கு திரும்பித் திரும்பிப் போய்ப் பாதியிலேயே நின்றுவிடும். கெட்டியாகவும் இருக்க வேண்டும், பொட்டென்று உடையவும் கூடாது என்றால் இதுதான் வழி. செடிக்கும் வண்டுக்கும் இது எப்போதோ தெரியும், எனக்குப் புரியவே நாலு வருடம் ஆனது.

சுமதி ஒரு தகட்டை என் கையில் கொடுத்தாள். பள்ளிக்கூட ஸ்லேட் அளவு. மூன்று மில்லிமீட்டர் கனம். மெல்லிய தாள்களாகக் காயவைத்து, அடுக்கி, சூட்டோடு அழுத்தியது. வெளிச்சத்தில் சாய்த்தால் பச்சையும் செம்பும் மாறி மாறி ஓடியது. அந்த நிறம் தெரிந்தால் உள்ளே அடுக்கு சரியாகத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குச் சாயம் எதுவும் கிடையாது, அடுக்கே காட்டுகிற நிறம். என் ஆறு வருடத்தில் அந்தப் பச்சையை நான் மொத்தம் பதினோரு தடவை பார்த்திருக்கிறேன். எல்லாம் தபால் தலை அளவில். தகட்டைத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை, கொடுத்ததும் கை சும்மா இருந்தது.

அப்பா ஒரு இரும்புக் குழாயை நிமிர்த்தி நிறுத்தி, அதன் அடியில் தகட்டை வைத்தார். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அரைக் கிலோ குண்டை விட்டார். டங்கென்று சத்தம், தகட்டில் சின்னப் பள்ளம் மட்டும். இன்னொரு தகடு, அதுவும் அப்படியே. மூன்றாவதை வைத்தார். அது அப்பளம் மாதிரி நொறுங்கியது.  உங்களிடம் ஒளிப்பானேன், என் மனசுக்குள் ஏதோ ஒன்று சப்பணம் போட்டு வசதியாக உட்கார்ந்தது.

துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சுமதி விஷயத்தைச் சொன்னாள். மூன்று மாதமாக இப்படித்தான், பத்தில் நாலு நொறுங்குகிறது. வருகிற வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு பெங்களூரிலிருந்து ஹெல்மெட் செய்கிற ஒரு கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் எதிரில் பத்துத் தகட்டை வைத்துக் குண்டைப் போட வேண்டும். குறைந்தது ஒன்பது தாங்கினால் அவர்களோடு சேர்ந்து பெரிய அளவில் செய்யலாம். தாங்காவிட்டால் அவ்வளவுதான். "இதுவும் போச்சின்னா ஷெட்ட மூடிட்டு மறுபடியும் அஞ்சு மணி வண்டிதாண்டி. வேற இன்னா பண்றது" என்றாள். வெயில், ஈரப்பதம், அமிலத்தின் சூடு எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டாளாம். நொறுங்கினதை நான் எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். பச்சை இல்லை, செம்பு இல்லை, பால் மாதிரி வெள்ளை. உள்ளே அடுக்கே உருவாகவில்லை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மனசு தேடிக்கொண்டிருந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். ராகிக் களியும் கோழிக் குழம்பும். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அப்பா சொன்னார். எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டுக்கொண்டேன். ஒரு வாய் விழுங்கிவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன். நாக்கில் லேசான உப்பு. இன்னொரு மடக்கு குடித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

இந்தத் தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். தெருமுனையில் காசு போட்டால் தண்ணீர் வருகிற பூத்தில், இருபது லிட்டர் ஐந்து ரூபாய் என்றார் அப்பா. இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அந்தக் கேன்தான். ஷெட்டுக்கும் இதேதானா என்றேன். "பின்ன? போர் தண்ணி சிக்காபட்டே உப்பு. இங்க இதவிட சுத்தமான தண்ணி இன்னா கீது?" என்றாள் சுமதி. சிக்காபட்டே என்றால் கன்னடத்தில் கண்டபடி. ருசி எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். அப்பாவுக்குச் சந்தோஷம். முன்பெல்லாம் சப்பென்று இருக்குமாம். பொங்கலுக்கு அப்புறம்தான் பூத்துக்காரன் தண்ணீருக்கு நல்ல ருசி வந்திருக்கிறது, தெருவே பாராட்டுகிறது என்றார்.

அப்போதே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த நானோ குச்சிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால்தான் அழகாக வரிசை கட்டுகின்றன. தண்ணீரில் உப்பு கூடினால் அந்தத் தள்ளல் போய்விடும், கூட்டமாக ஒட்டிக்கொண்டு கட்டி தட்டும். அடுக்கு வராது, நிறம் வராது, தகடு நொறுங்கும். பூத்தில் வடிகட்டி பழசாகியிருக்க வேண்டும். உப்பு ஒரு நாள் குறைச்சலாக வருகிறது, ஒரு நாள் கூட வருகிறது. குடிக்கிறவர்களுக்கு அது ருசி. எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், எங்கள் ஆய்வகத்தில் தண்ணீர் சுத்தம் செய்யும் கருவியின் வடிகட்டியை யாரும் மாற்றாமல் விட்டதில் என் ஒன்றரை வருடம் மண்ணாகப் போனது. சுமதி விட்டுப் போனதற்கு அப்புறம் நடந்தது. அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. காரணத்தை நான் கண்டுபிடித்தபோது எனக்குப் பணமும் நேரமும் தீர்ந்திருந்தது.

ஒரே வார்த்தை. "தண்ணிய மாத்துடி" என்றால் போதும். தாள் காய நாலு நாள். அன்றைக்கு ஊற்றினால் வியாழக்கிழமைக்குத் தயார். நானோ, "குழம்பு ரொம்ப நல்லாருக்கு" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று ரயிலில் திரும்பி வரும்போது முழுக்க யோசித்தேன். எனக்குக் கிடைக்காத பச்சை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. நான் இழந்த ஒன்றரை வருடத்தை நான் அவளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டுமா? யாராவது எனக்குக் கொடுத்தார்களா? குழம்புக் கிண்ணத்துக்கு எதிரில் இதெல்லாம் தோன்றவில்லை. அங்கே தோன்றியது ஒன்றுதான், இவளும் கொஞ்சம் படட்டும். அசிங்கமாகத்தான் இருக்கிறது. எழுதிப் பார்த்தால் இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். சுமதி பக்கத்திலிருக்கிற ராபர்ட்சன்பேட்டை வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள், மார்க்கெட்டைச் சுற்றிக் காட்டினாள், அரைக் கிலோ மைசூர்பாக் வாங்கிக் கையில் திணித்தாள். பங்காரப்பேட்டை பஸ் 25 ரூபாய், நாற்பது நிமிடம். பஸ் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, "வேற ஏதாவது தோணுச்சின்னா சொல்லுடி" என்றாள். தலையை ஆட்டினேன். பஸ் கிளம்பிவிட்டது. நான் பார்த்த ஊர்களிலேயே கிளம்பும்போது இவ்வளவு நிம்மதியாக இருந்தது இந்த ஊரில்தான். அந்த நிம்மதி, திரும்பும் ரயில் குப்பம் ஸ்டேஷனைத் தொடும் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

திங்கள் காலை ஆறரை மணிக்குப் போன் செய்தேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். காலையிலேயே ஊற்றினால் வெள்ளி காலை காய்ந்துவிடும், அழுத்த இரண்டு மணி நேரம், பதினோரு மணிக்குத் தயார். மயிரிழை நேரம்தான், ஆனால் நேரம் இருக்கிறது. தெருமுனைத் தண்ணீரைத் தொடாதே, அதில் உப்பு ஏறியிருக்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. பொய் சொல்லவில்லை, உடம்பே லேசாகிவிட்டது.

மறுமுனையில் குண்டானில் ஏதோ கொதிக்கிற சத்தம். அப்புறம் சுமதி சொன்னாள்.

"நேத்தே ஊத்திட்டேன்டி. நீ தண்ணியக் குடிச்சிட்டு மூணு கேள்வி கேட்டே. அப்புறம் குழம்பு நல்லாருக்குன்னே. எங்க வூட்டுக் குழம்ப நீ என்னிக்கு நல்லாருக்குன்னு சொல்லியிருக்கே? ஹாஸ்டலுக்கு எடுத்தாந்தப்பவே மூஞ்ச சுளிப்பே. சரி, தண்ணிலதான் ஏதோ கீதுன்னு புரிஞ்சிபோச்சி."

என்னை பஸ் ஏற்றிவிட்டு நேராக பேட்டரிக் கடைக்குப் போயிருக்கிறாள். பேட்டரிக்கு ஊற்றுகிற வடித்த நீர், கடையில் இருந்த அத்தனை கேனும் வாங்கிக்கொண்டு, சாயங்காலமே அப்பாவோடு சேர்ந்து எல்லாத் தட்டிலும் ஊற்றிவிட்டார்களாம். எனக்கு ஏன் போன் செய்து கேட்கவில்லை என்றேன். 

"பஸ்ஸாண்ட கேட்டனே" என்றாள்.

கோபமாகச் சொன்னால் தேவலை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்புறம், வெள்ளிக்கிழமை நீ வா, அவங்க எதிரில் குண்டை நீயே போடு என்றாள். இதை எழுதப் போகிறேன், பேரை மாற்றட்டுமா என்று கேட்டேன். மாற்ற வேண்டாம், என் பேரையும் எழுது, நீ பண்ணதையும் எழுது என்றாள். எழுதிவிட்டேன்.

உதவி செய்தவள் என்ற பேரும் எனக்கு இல்லை, கெடுத்தவள் என்ற பேரும் முழுசாக இல்லை. பொறாமைப்பட்டவள் என்பது மட்டும் மிச்சம். அதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஒருத்தி முகத்தைப் பார்த்தே தன் தகட்டைச் சரி செய்துகொள்கிறாள் என்றால் அதற்கும் ஒரு பொறாமை கூடியிருக்கிறது.

போக நினைக்கிறவர்களுக்கு: காட்பாடியிலிருந்து போய்வர எனக்கு ரயில், பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 450 ரூபாய்க்குள் ஆனது. கிளை வண்டிகள் ஒரு நாளைக்குச் சில நேரங்களில்தான், முதல் நாளே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். சுரங்கங்களுக்கு உள்ளே விடமாட்டார்கள், ஆட்டோக்காரர் சொன்னது உண்மை. தமிழ் எல்லா இடத்திலும் போதும், கன்னடம் நாலு வார்த்தை தெரிந்தால் ஆட்டோவில் இருபது ரூபாய் குறையும். ஞாயிற்றுக்கிழமை போனால் ரயிலில் உட்காரலாம், ஆனால் ராபர்ட்சன்பேட்டையில் பாதிக் கடைகள் மத்தியானமே மூடிவிடுவார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை குளிர், ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

நான் வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். 6.45 வண்டியில்தான் போகிறேன், குழாய்க்கு மேலே கையை உயர்த்திக் குண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போவதும் நான்தான். தகடு தாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு விடுவேனா, உடைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு விடுவேனா என்று இப்போது கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. சுமதிக்குத் தெரிந்துவிடும், என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பாள்.